ஹோஷங்காபாத்தின் அறிவியல் பாடவேளை: ஒரு நடுநிலைப் பள்ளிச் சோதனையின் முப்பது ஆண்டுகள் (1972–2002)

இந்தியப் பள்ளிக் கல்வியின் வரலாற்றை நாம் பெரும்பாலும் ஆணையங்களின் வரலாறாகவே படித்து வருகிறோம். 1964–66இன் கோத்தாரி ஆணையம், 1968, 1986 ஆண்டுகளின் தேசியக் கல்விக் கொள்கைகள், 1993இன் யஷ்பால் குழு அறிக்கை, 2005இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு எனப் பட்டியல் நீளும். இவை ஒவ்வொன்றும் முக்கியமானவையே. எனினும் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் திங்கட்கிழமைக் காலையில் இவற்றுள் எது, எந்த அளவுக்கு வந்து சேர்ந்தது என்ற கேள்வி நம் வரலாற்றெழுத்தில் அரிதாகவே எழுப்பப்படுகிறது. பள்ளி இயங்குவது மணி அடிக்கும் ஒழுங்கில். பாடவேளை, வார அட்டவணை, மாதக் கூட்டம், ஆண்டுத் தேர்வு ஆகிய காலப் பகுப்புகளே வகுப்பறையில் எது நடக்கலாம், எது நடக்க முடியாது என்பதைத் தீர்மானிக்கின்றன.

இந்தக் கோணத்திலிருந்து ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தை மீண்டும் வாசிப்பதே இப்பதிவின் நோக்கம். மத்தியப் பிரதேசத்தின் நர்மதைப் பள்ளத்தாக்கில் அமைந்த ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்றைய நர்மதாபுரம்) 1972இல் தொடங்கி 2002இல் நிறுத்தப்பட்ட இத்திட்டம், 6, 7, 8ஆம் வகுப்புகளின் அறிவியல் கற்பித்தலை அடிமுதல் மாற்ற முயன்றது. பாடநூல் சீர்திருத்தம் என்ற அளவில் அது பலமுறை பேசப்பட்டிருக்கிறது. என் வாதம் வேறு: அது அரசுப் பள்ளியின் காலத்தை மாற்றியமைக்க முயன்ற திட்டம். அதன் வெற்றியையும் முடிவையும் அக்கோணத்திலேயே தெளிவாக விளங்கிக்கொள்ள முடியும்.

தொடக்கம்

திட்டத்தைத் தொடங்கியவை இரண்டு தன்னார்வ அமைப்புகள். ஒன்று, குவேக்கர் மரபில் வந்த ரசூலியா நண்பர்கள் கிராம மையம். மற்றொன்று, பன்கேடி வட்டாரத்தில் அனில் சத்கோபால் நிறுவிய கிஷோர் பாரதி. சத்கோபால் அமெரிக்காவின் கால்டெக்கில் முனைவர் பட்டம் பெற்ற மூலக்கூற்று உயிரியலாளர். பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். அப்பணியை விட்டு விலகி ஊர்ப்புறக் கல்விக்கு வந்தார். 1972இல் 16 ஊர்ப்புற நடுநிலைப் பள்ளிகளில் புதிய முறையில் அறிவியல் கற்பித்துப் பார்க்க மாநில அரசு இசைவளித்தது.

இந்த இசைவின் தன்மையைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் கல்விச் சோதனைகள் பெரும்பாலும் தனியார் பள்ளிகளிலோ ஆசிரமப் பள்ளிகளிலோ நடந்தவை. அங்கே மாணவரைத் தேர்ந்தெடுக்கலாம், ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கலாம், அட்டவணையையும் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். ஹோஷங்காபாத்தில் அந்த உரிமைகள் எவையும் இல்லை. பள்ளி அரசுடையது, ஆசிரியர் அரசு ஊழியர், மாணவர் அவ்வூரின் உழவர், கூலித் தொழிலாளர், சிறு வணிகர் வீட்டுப் பிள்ளைகள். மற்றப் பாடங்கள் அனைத்தும் பழைய முறையிலேயே தொடர்ந்தன. வாரத்தின் சில மணி நேரம் மட்டும் வேறொரு விதிக்கு உட்பட்டது.

இதற்கு முன்னரே, அனைத்திந்திய அறிவியல் ஆசிரியர் கழகத்தின் இயற்பியல் குழு செய்முறை வழிக் கற்பித்தலுக்கான பாடங்களை உருவாக்கியிருந்தது. டாடா நிறுவன அறிவியலாளர்கள் பம்பாய் மாநகராட்சிப் பள்ளிகளில் இதையொத்த முயற்சிகளில் ஈடுபட்டிருந்தனர். அந்த அனுபவம் ஹோஷங்காபாத்துக்கு வந்து சேர்ந்தது. சற்றுப் பின்னர் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் பலர் திட்டத்தில் இணைந்தனர். அவர்கள் பணியிடத்தை விட்டுப் பள்ளிகளுக்குச் சென்று வரப் பல்கலைக்கழக மானியக் குழு வழிசெய்தது. உயர்கல்வி ஆசிரியரின் பணி நேரத்தில் ஒரு பகுதி ஊர்ப்புற நடுநிலைப் பள்ளிக்கு உரியது என்று ஒரு தேசிய நிறுவனம் ஏற்றுக்கொண்ட அரிய தருணம் அது.

பாடவேளை

அக்காலத்தில் நடுநிலைப் பள்ளி அறிவியல் வகுப்பு எப்படி நடந்தது என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆசிரியர் பாடநூலை வாசிப்பார்; வரையறையைக் கரும்பலகையில் எழுதுவார்; மாணவர் அதைப் பார்த்து எழுதி மனப்பாடம் செய்வர். இந்த முறைக்கு ஒரு பெரும் வசதி உண்டு. அதை எந்த நிமிடத்திலும் தொடங்கலாம். எந்த நிமிடத்திலும் நிறுத்தலாம். மணி அடித்தால் அடுத்த நாள் அடுத்த வரியிலிருந்து தொடரலாம்.

ஹோஷங்காபாத் திட்டத்தின் ‘பால் வைக்ஞானிக்’ என்ற நூல் இந்த வசதியைப் பறித்தது. அந்நூலில் வரையறைகளை முதலில் கொடுத்துவிடும் வழக்கம் இல்லை. ‘செய்து பார்’, ‘பதிவு செய்’, ‘ஒப்பிடு’, ‘ஏன் என்று கலந்து பேசு’ என்னும் வகையிலான குறிப்புகளும் கேள்விகளுமே அதன் உடல். விடைகள் மாணவரின் குறிப்பேட்டில் எழுந்தாக வேண்டும். மாணவர் நால்வர் கொண்ட குழுக்களாக அமர்ந்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் உரிய பொருள்களைப் பள்ளியின் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. இலை நரம்பமைப்பும் வேரமைப்பும் பற்றிய பாடம். வழக்கமான பாடநூலில் இது இரண்டு வரி: ஒருவித்திலைத் தாவரங்களுக்கு இணைப்போக்கு நரம்பும் சல்லிவேரும், இருவித்திலைத் தாவரங்களுக்கு வலைப்பின்னல் நரம்பும் ஆணிவேரும் உண்டு. ஹோஷங்காபாத் வகுப்பில் மாணவர் வயலுக்கும் வேலியோரத்துக்கும் சென்று செடிகளை வேரோடு பறித்து வருவர். இலைகளை ஒரு பட்டியலிலும் வேர்களை வேறொரு பட்டியலிலும் வகைப்படுத்துவர். பின்னர் இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இந்த இலைக்கு இந்த வேர் என்னும் தொடர்பு அவர்களுக்கே தென்படும். ஒரு வகுப்பில் ஒரு செடி பொருந்தாததுபோல் தோன்றினால் விவாதம் எழும். செடியை மீண்டும் பார்க்க வேண்டிவரும்.

இன்னொன்று அளவீடு. ஒரே பலகையை ஒவ்வொரு மாணவரும் அளக்கும்போது விடைகள் சற்றே வேறுபடுகின்றன. வழக்கமான வகுப்பில் ஒன்று சரி, மற்றவை தவறு. இங்கே எல்லா அளவுகளும் கரும்பலகையில் ஏறும். வேறுபாடு ஏன் வந்தது, எந்த அளவை ஏற்பது, சராசரி என்பது எதற்கு என்ற கேள்விகள் பிறக்கும். நாணயத்தைப் பலமுறை சுண்டிப் போட்டு, வகுப்பு முழுவதன் முடிவுகளையும் ஒன்றாகத் தொகுத்து நிகழ்தகவைப் புரிந்துகொள்ளும் பாடமும் இவ்வகையதே. பிழை என்பது மாணவரின் குறையாக இல்லாமல் அளவீட்டின் இயல்பாக நிற்கும் வகுப்பறை அது. இந்த மாற்றத்தின் அறிவுசார் ஆழத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் இதற்கு நேரம் வேண்டும். பொருள்களைப் பகிர, செய்து பார்க்க, எழுத, குழுக்கள் தம் முடிவுகளை ஒப்பிட, விவாதிக்க 40 நிமிடப் பாடவேளை போதாது. சோதனையின் நடுவில் மணி அடித்தால் நீரும் மண்ணும் இலையும் மேசைமேல் கிடக்க, அடுத்த பாட ஆசிரியர் வாசலில் வந்து நிற்பார். எனவே அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளை இணைத்துத் தருமாறு கேட்க வேண்டியதாயிற்று. அறிவியல் ஆசிரியர் இதைத் தலைமையாசிரியரிடம் கேட்டார்; தலைமையாசிரியர் மற்ற ஆசிரியர்களுடன் பேசி அட்டவணையை மாற்றி எழுதினார். அறிவியலின் முறை குறித்த ஒரு கருத்து பள்ளி அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளில் நிகழ்த்திய மாற்றம் இது. கல்விச் சீர்திருத்தத்தின் முதற்சான்றாவணமாக நான் கருதுவது அந்தத் தாளைத்தான்.

வாரமும் பருவமும்

பாடவேளையை அடுத்துப் பள்ளி வாரமும் மாறியது. செடிகளைச் சேகரிக்கவும், மண் எடுத்து வரவும், பயிர்களைப் பார்த்து உழவரிடம் கேட்டறியவும் வகுப்பு வெளியே சென்றது. பயிர் பற்றிய பாடத்தில் வயலே ஆய்வுக்கூடம், உழவரே தகவலாளி. தவா அணையின் பாசனம் வந்து, கோதுமையோடு சோயாவும் பரவி, அம்மாவட்டத்தின் வேளாண்மை விரைந்து மாறிய காலம் அது. பெற்றோரின் அறிவு பள்ளிப் பாடத்துக்குள் மேற்கோளாக நுழைய இது ஒரு வழி திறந்தது. எழுத்தறிவில்லாத ஒரு தந்தை தன் மகளின் அறிவியல் குறிப்பேட்டில் சான்றாக இடம்பெறக்கூடிய அமைப்பு அது.

பாட வரிசையும் பருவத்துக்கு ஏற்ப அமைய வேண்டியிருந்தது. தவளை முட்டை மழைக்காலத்தில்தான் கிடைக்கும். கோதுமைக் கதிரைக் குளிர்காலப் பயிரில்தான் பார்க்க முடியும். பாடநூலின் பக்க எண்ணை விடப் பஞ்சாங்கமே இங்கே பயனுள்ள வழிகாட்டி. மாநிலம் முழுவதற்கும் ஒரே மாதத் திட்டத்தை வகுத்து அனுப்பும் கல்வித் துறைக்கு இது எவ்வளவு தொல்லையாக இருந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

கருவிகளின் செய்தியும் வாரத்தோடு தொடர்புடையது. விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் அறிவியல் கற்பிக்க முடியாது என்ற நம்பிக்கையை இத்திட்டம் எதிர்த்தது. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசிக்குப் பதிலாகக் கருவேல முள் பயன்பட்டது. அது ஊரெல்லாம் கிடைப்பது, துருப்பிடிக்காதது. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்து டெல்கோவில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா 1978இல் விடுப்பெடுத்து இங்கே வந்தார். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் இணைத்து வடிவியல் உருவங்களைக் கட்டும் அவருடைய முறை இங்கேதான் உருவாயிற்று. ஊர்ச் சந்தையில் கிடைப்பது எதுவோ அதுவே கருவி. எனினும் இதை மலிவின் புகழ்ச்சியாகப் படிப்பது தவறு. உருப்பெருக்கியும் வெப்பமானியும் சோதனைக் குழாயும் சந்தையில் கிடைப்பவை அல்ல. அவற்றை அரசே வாங்கித் தர வேண்டும், உடைந்தால் ஈடு செய்ய வேண்டும். உடைந்த குழாய்க்குக் கணக்குச் சொல்ல வேண்டிய ஆசிரியர் பெட்டியைப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. ஆகவே உடைவதைக் குற்றமாக எண்ணாத ஒரு கணக்கு முறையும் கற்பித்தல் முறையின் பகுதியாகிறது.

மாதக் கூட்டம்

திட்டத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது மாதக் கூட்டத்தை. கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு நீண்ட பயிற்சி முகாம் நடைபெறும். அங்கே அவர்கள் மாணவர்களைப் போலவே குழுக்களாக அமர்ந்து ஒவ்வொரு சோதனையையும் தாமே செய்வர். பள்ளி திறந்த பின்னர், அருகருகே உள்ள பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் ‘சங்கம் கேந்திரா’ எனப்பட்ட மையப் பள்ளியில் மாதந்தோறும் கூடினர். எந்தச் சோதனை நடந்தது, எது நடக்கவில்லை, மாணவர் என்ன கேட்டனர், நூலின் எந்தக் குறிப்பு குழப்புகிறது என்று பேசினர். பல்கலைக்கழக அறிவியலாளர்களும் அங்கே வந்தனர். இவர்கள் கூறியவை நூலின் திருத்தங்களுக்கு அடிப்படையாயின.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். நடுநிலைப் பள்ளி ஆசிரியர் நம் கல்வி நிர்வாகத்தில் ஆணைகளைப் பெறுபவர், புள்ளிவிவரம் அனுப்புபவர், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தேர்தல் பணிக்கும் அழைக்கப்படுபவர். அவரை நூலாசிரியருக்குத் திருத்தம் சொல்பவராக இத்திட்டம் கண்டது. ‘எனக்குத் தெரியவில்லை, செய்து பார்ப்போம்’ என்று வகுப்பின் முன் சொல்ல ஒரு ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். அத்துணிவு தனி மனிதரின் குணத்திலிருந்து மட்டும் வருவதில்லை. அதே தெரியாமையை அடுத்த ஊர் ஆசிரியரும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஒப்புக்கொள்ளும் ஒரு கூட்டம் மாதந்தோறும் நடந்தால் அது வளரும்.

மாணவர்க்கும் இதையொத்த ஒரு வாயில் இருந்தது. ‘சவாலிராம்’ என்னும் கற்பனைப் பாத்திரத்துக்கு அவர்கள் தம் கேள்விகளை அஞ்சலில் எழுதி அனுப்பலாம்; விடை வரும். பாடநூலுக்கு வெளியே ஒரு கேள்வி கேட்பது ஒழுங்கீனமாகக் கருதப்படும் அமைப்பில், கேள்வி கேட்பதற்கு ஒரு முகவரி கொடுத்தது சிறு செயலன்று.

ஆண்டுத் தேர்வு

எந்தக் கற்பித்தல் முறையும் தேர்வின் வாசலில்தான் சோதிக்கப்படும். 8ஆம் வகுப்புக்கு அக்காலத்தில் மத்தியப் பிரதேசத்தில் பொதுத்தேர்வு இருந்தது. ஆண்டு முழுவதும் செய்து பார்த்துப் படித்த மாணவரிடம் இறுதியில் வரையறை கேட்டால், ஆசிரியரும் பெற்றோரும் அடுத்த ஆண்டே வரையறைக்குத் திரும்பிவிடுவர். திட்டக் குழுவினர் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். எனவே இப்பள்ளிகளின் அறிவியலுக்குத் தனித் தேர்வு ஏற்கப்பட்டது. மாணவர் நூலையும் தம் குறிப்பேட்டையும் திறந்து வைத்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. நினைவிலிருப்பதை ஒப்பிக்கும் கேள்விக்கு அங்கே இடமில்லை. புதிய தரவைக் கொடுத்து, அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பதே வினாவின் வடிவம். அரசுப் பொதுத்தேர்வில் திறந்த புத்தக முறை ஊர்ப்புற மாணவர்க்கு நடைமுறையில் இருந்தது என்பதை, இன்று அதைப் புதுமையாகப் பேசும் நாம் நினைவுகூர வேண்டும்.

விரிவும் முடிவும்

1978இல் திட்டம் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவடைந்தது. 16 பள்ளிகளில் தன்னார்வத்தால் நடந்தது, இனி துறை நடைமுறையாக நடக்க வேண்டும். பயிற்சிக்கு அனுப்பும் ஆணை, மாதக் கூட்டத்துக்குப் பயணப்படி, கருவிப் பெட்டிக்கு நிதி ஒதுக்கீடு, பயிற்சி பெற்ற ஆசிரியரை வேறு பாடத்துக்கு மாற்றாமை எனப் பலவும் அலுவலகக் கோப்புகளுக்குள் சென்றன. இப்பணியைத் தொடர்ந்து நடத்துவதற்கென 1982இல் ‘ஏகலவ்யா’ நிறுவனம் தோன்றியது. தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வினோத் ரைனா அதன் நிறுவனர்களுள் ஒருவர். 1980களில் திட்டம் பிற மாவட்டங்களின் பள்ளித் தொகுதிகளுக்கும் சென்றது. சமூக அறிவியலுக்கும் தனித் திட்டம் உருவாயிற்று. 1985 முதல் ‘சக்மக்’ என்னும் சிறுவர் இதழ் வெளிவந்தது.

2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. ஹோஷங்காபாத்தில் உள்ளூர் அரசியல் மட்டத்தில் எழுந்த எதிர்ப்பு அதற்கு முன்னோடி. முன்வைக்கப்பட்ட வாதங்களுள் இரண்டு முதன்மையானவை. இம்மாவட்ட மாணவர் உயர்நிலைப் பள்ளித் தேர்வுகளில் பின்தங்குகின்றனர் என்பது ஒன்று. மாநிலம் முழுவதும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்பது மற்றொன்று. நாடெங்கும் அறிவியலாளரும் கல்வியாளரும் எதிர்ப்புத் தெரிவித்தனர்; முடிவு மாறவில்லை.

ஆய்வாளர் இங்கே எளிய நாயக–வில்லன் கதையைத் தவிர்க்க வேண்டும். பெற்றோரின் அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. 8ஆம் வகுப்பு வரை செய்து பார்த்துக் கற்ற மாணவி 9ஆம் வகுப்பில் மீண்டும் வரையறைகளின் உலகில் நுழைகிறாள். அங்கே அவளுடைய கேள்வி கேட்கும் பழக்கத்துக்கு மதிப்பெண் இல்லை. உயர்நிலைக் கல்வியே குடும்பத்தின் மேல்நோக்கிய ஒரே வழியாக இருக்கும்போது, அவ்வழியின் விதிகளுக்கு ஏற்பத் தம் பிள்ளையைத் தயார்செய்யும்படி பெற்றோர் கேட்பது நியாயமே. நடுநிலையில் மட்டும் காலத்தை மாற்றி, அதற்கு மேலுள்ள பத்தாம் வகுப்புத் தேர்வின் காலத்தைத் தொடாமல் விட்ட கட்டமைப்பின் முரண் இது. அம்முரணைத் தீர்க்க இரண்டு வழிகள் இருந்தன. மேல்வகுப்புகளையும் மாற்றலாம்; அல்லது கீழ்வகுப்புகளைப் பழையபடி ஆக்கலாம். அரசு இரண்டாவதைத் தேர்ந்தது. முப்பது ஆண்டுகள் மாதந்தோறும் கூடி நூலைத் திருத்திய ஆசிரியர்களின் கருத்துக்கு அந்த முடிவில் இடம் இருக்கவில்லை. என் பார்வையில் மிகப் பெரிய இழப்பு அதுவே. ஒரு பாடநூலை மீண்டும் எழுதிவிடலாம். தம் சொல்லுக்கு மதிப்புண்டு என்று ஒருமுறை நம்பிய ஆசிரியர் சமூகத்தை மீண்டும் அவ்வாறு நம்பவைப்பது கடினம்.

எஞ்சியவை

திட்டம் நின்றபின் அதன் சொற்கள் தேசிய ஆவணங்களில் இடம்பெற்றன. யஷ்பால் தலைமையிலான வழிகாட்டுக் குழுவின் கீழ் உருவான 2005ஆம் ஆண்டுக் கலைத்திட்ட வடிவமைப்பு, மனப்பாடத்திலிருந்து கற்றலை விடுவிப்பதைத் தன் நெறிகளுள் ஒன்றாகக் கொண்டது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் தன் 29ஆம் பிரிவில், செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியே கற்றல் நிகழ வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் உருவாக்கத்தில் வினோத் ரைனாவுக்கும் பங்குண்டு. அதே சட்டத்தின் அட்டவணை 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள்களையும் 1000 கற்பித்தல் மணிகளையும், ஆசிரியர்க்குத் தயாரிப்பு நேரம் உட்பட வாரத்துக்கு 45 மணி நேரத்தையும் குறிக்கிறது. அறிவியலுக்கும் கணிதத்துக்குமாக ஓர் ஆசிரியரேனும் இருக்க வேண்டும் என்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, இவ்வகுப்புகளுக்கிடையில் புத்தகப் பை இல்லாத 10 நாள்களைப் பரிந்துரைக்கிறது.

இவை அனைத்தும் காலத்தைப் பற்றிய வாக்குறுதிகள். ஆயினும் கண்டறிதல் வழியே கற்றல் என்று 29ஆம் பிரிவு சொல்வதற்கும், 1000 மணி என்று அட்டவணை சொல்வதற்கும் இடையில் ஒரு பாலம் தேவை. தயாரிப்பு நேரம் என்று சட்டம் குறித்தது நடைமுறையில் எந்தப் பாடவேளையில் இருக்கிறது? மாதந்தோறும் ஆசிரியர் கூடுவது ஆணைகளைக் கேட்கவா, வகுப்பில் நிகழ்ந்ததைப் பேசவா? பாடநூலில் செயல்பாட்டுக் கட்டம் அச்சாகி, அதன் விடை அடுத்த பத்தியிலேயே அச்சாகியிருந்தால் அதைச் செய்து பார்க்க மாணவருக்கு என்ன தேவை இருக்கிறது?

இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கொள்கை ஆவணங்களோடு பள்ளிகளின் கால அட்டவணைகளையும், கருவி இருப்புப் பதிவேடுகளையும், மாதக் கூட்டக் குறிப்புகளையும், பழைய வினாத்தாள்களையும் சான்றுகளாகக் கொள்ளுங்கள். நால்வர் குழுக்களில் யார் யாருடன் அமர்ந்தனர், கருவியைக் கையில் எடுத்தது யார், குறிப்பு எழுதியது யார், சாதியும் பாலினமும் அங்கே எவ்வாறு செயல்பட்டன என்பன விரிவான ஆய்வுக்குரிய கேள்விகள். அக்காலத்து மாணவர் இன்று நாற்பது, ஐம்பது, அறுபது வயதினர். ஆசிரியருள் பலர் முதியோர். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய இன்னும் நெடுங்காலம் இல்லை. அதற்கு முன்னதாக, அருகிலுள்ள ஒரு நடுநிலைப் பள்ளிக்குச் சென்று ஆறாம் வகுப்பின் வார அட்டவணையைப் பாருங்கள். அறிவியலுக்கு அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள் ஒரு நாளிலேனும் தரப்பட்டிருக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வை அங்கிருந்தே தொடங்கலாம்.